கம்பியைக் கெடுத்த கை

ஒரு வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்துவிட்டால் அவர்களுக்கு நடுவில் ஏதாவது ஒன்று மாட்டிக்கொண்டு முழிக்கும். சில வீடுகளில் அது நிலம், சில வீடுகளில் மாமியாரின் பாசம். இந்த வீட்டில் அது ஒரு பேஸ் கிட்டார். மாமனார் ஒரு காலத்தில் ஸ்பீக்கரும் வாத்தியங்களும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது எல்லாவற்றையும் விற்றுத் தள்ளியவர், அந்த ஒரு கிட்டாரை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். "இதை விக்க மனசு வரல மாப்ளே. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்" என்று மாடிப்படி திரும்பும் இடத்தில் சுவரில் மாட்டிவைத்தார். மாடியில் மூத்த மகள் குடும்பம், கீழே இளைய மகள் குடும்பம். மாமனார் எந்தப் பக்கம் அன்றைக்குச் சமையல் வாசனை நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம்.

மூத்த மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்சைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். சனி ஞாயிறு மாலைகளில் ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் சின்னக் குழுவோடு உட்கார்ந்து வாசிப்பார். இளையவன் ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவன். மதியத்தோடு வேலை முடிந்துவிடும். சாயங்காலம் நடனப் பள்ளியில் பிள்ளைகள் ஆடுவதற்கு வாசிக்கப் போவான். கண்ணாடிக்காரர் அவனைச் சகலை என்று கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம்.

இரண்டு பேரின் வாசிப்பும் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. கண்ணாடிக்காரருக்கு வலது கை பூ மாதிரி. இரண்டு விரல் நுனியால் கம்பியைத் தொட்டுத் தொட்டு விடுவார். சாப்பிடுகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். சகலை அப்படியில்லை. கட்டை விரலைத் திருப்பிக் கம்பியின் மேல் பட்டென்று அடிப்பான், அடுத்த விரலால் கம்பியைக் கொக்கி போட்டு இழுத்து விடுவான். அடித்தால் தரை அதிரும். பிள்ளைகளுக்குக் காலில் தாளம் தானாக ஏறும். கண்ணாடிக்காரருக்கு அந்தச் சத்தம் சுத்தமாகப் பிடிக்காது. பிடிக்காததற்குக் காரணம் இசை ஞானம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஓட்டலில் அவர் வாசித்து முடித்து எழுந்தபோது ஒருவராவது திரும்பிப் பார்த்ததில்லை என்பதும், நடனப் பள்ளிப் பிள்ளைகள் சகலையைக் கண்டால் வாசலுக்கே ஓடி வருவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிக்கொள்வார்.

பிரச்சினை கம்பியில் வந்தது. பேஸ் கிட்டார் கம்பி தடியானது, லேசில் அறுந்து தொலைக்காது. ஆனால் செத்துப் போகும். புதிதில் கணீரென்று நின்று பேசுகிற கம்பி, கொஞ்ச நாளில் ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி தொப் தொப்பென்று ஆகிவிடும். நன்றாக வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வரும். இவர்கள் வீட்டுக் கிட்டாரில் போட்ட கம்பி போட்ட வேகத்தில் செத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் மாடியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் பேச்சை எடுத்தார்.

"மாமா, கம்பி மறுபடி போச்சு."

"இப்பதானே மாத்தினீங்க?"

"மாத்தினது என்னமோ இப்பதான். தினம் சாயங்காலம் ஒருத்தர் அதுல துணி துவைச்சா, பாவம், அது எத்தனை நாள் தாங்கும்?"

முதலில் சிரித்தது கண்ணாடிக்காரரின் மனைவி. பிறகு மாமனார் வாயில் சோற்றோடு குலுங்கினார். மச்சினி தன் புருஷன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த தைரியத்தில் கண்ணாடிக்காரர் விடவில்லை. "நான் சும்மா சொல்லல மாமா. கீழ இவர் ஒரு அடி அடிச்சா மேல என் தட்டுல சோறு இடம் மாறுது" என்றார். மறுபடியும் சிரிப்பு.

சகலை சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுத் தன் கட்டை விரலைப் பார்த்தான். அதன் பக்கவாட்டில் தோல் காய்த்து மஞ்சளாக இருந்தது. "அடி கொஞ்சம் பலமாத்தான் விழுதுண்ணே. அதனாலதான் போகுதோ என்னமோ" என்றான்.

மாமனாருக்குத் தீர்ப்பு சொல்வதென்றால் கொள்ளைப் பிரியம். "இதுக்கு ஏன் சண்டை? புதுக் கம்பி போடுங்க. கொஞ்ச நாளைக்குப் பெரிய மாப்ளே மட்டும் வாசிக்கட்டும். கம்பி நின்னுச்சுன்னா யாரு கை கெடுக்குதுன்னு தெரிஞ்சுபோயிடும்" என்றார். சகலை சரி என்று தலையாட்டினான். நடனப் பள்ளி அலமாரியில் கழுத்து கோணிப்போன பழைய கிட்டார் ஒன்று கிடந்தது. அதை வைத்து ஒப்பேற்றிக்கொள்வதாகச் சொன்னான்.

புதுக் கம்பி போட்ட கையோடு கண்ணாடிக்காரர் கிட்டாரைத் தன் அறைக்கே கொண்டுபோய்விட்டார். அடுத்து வந்த ஓட்டல் மாலைகளில் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் இரண்டாவது வாரமே கணீர் கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. காது ஏமாற்றுகிறது என்று நினைத்தார். மூன்றாவது வாரம் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர், "என்ன சார், இன்னிக்கு ஸ்பீக்கர் மேல யாராவது மெத்தையைப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

கடைக்கு விடுமுறையான நாளில் நாலு கம்பியையும் கழற்றி அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டார். இது இந்தத் தொழிலில் இருக்கிற பழைய வைத்தியம். கம்பிச் சுற்றுக்குள் போன அழுக்கும் வியர்வையும் வெளியே வந்துவிட்டால் கம்பி கொஞ்ச நாள் பிழைத்துக்கொள்ளும். மனைவி வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு உப்பு போடணுமா, வேண்டாமா?"

"நீ போய் உன் வேலையைப் பாரு."

கொதித்த கம்பியைத் துணியால் துடைத்து உலர்த்தும்போதுதான் அது நடந்தது. கம்பியின் அடிப்பக்கத்தில் நகம் ஓரிடத்தில் தட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடியும் தட்டியது. கடையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார். கம்பியைச் சுற்றியிருந்த உலோக இழை சில இடங்களில் நசுங்கிக் குழிந்திருந்தது. குழிகளுக்கு நடுவில் இடைவெளி முதலில் அகலமாகவும் போகப் போகக் குறுகியும் இருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் கம்பியைக் கிட்டாரின் கழுத்தில் நீளவாக்கில் வைத்துப் பார்த்தார். கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளின் மேல் ஒவ்வொரு குழியும் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தனையும் அவர் இடது கை விரல்கள் வழக்கமாக நிற்கும் இடங்கள். வலது கை கம்பியைத் தொடுகிற பக்கம் பளபளவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

கம்பியைக் கொன்றது அடிக்கிற கை இல்லை, அமுக்குகிற கை. அடிப்பது காதில் விழும், அதனால் எல்லோரும் அதையே குற்றம் சொன்னார்கள். அமுக்குவதற்கு ஏது சத்தம்?

அவர் அப்படி அமுக்குவது அவருக்கே தெரியாது என்று சொன்னால் அது பாதிப் பொய். வாசித்து முடித்தால் இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். வலது கை மெதுவாக இருப்பதால் சுரம் எங்கே வராமல் போய்விடுமோ என்ற பயம் இடது கையில் இருந்தது. ஓட்டலில் ஒருவரும் கவனிக்காத கூட்டத்துக்கு முன்னால் இருபது வருஷமாக அந்தப் பயத்தோடுதான் அவர் உட்கார்ந்திருக்கிறார். பூப்போன்ற கை என்று அவர் பெருமை பேசிய கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கை இடுக்கி மாதிரி நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது. சகலையின் முகம் கண் முன்னால் வந்தது. காய்த்த கட்டை விரலை அவன் பார்த்தது வந்தது. அவருக்குக் காது மடல் சுட்டது.

நேரே கீழே இறங்கிப் போய், "சகலை, தப்பு என்னுது" என்று சொல்லியிருக்கலாம். பத்துப் படி. அவர் இறங்கித்தான் போனார், ஆனால் கடைத்தெருவுக்கு. அதே கம்பியில் புதுசு வாங்கிக்கொண்டு வந்தார். பழையதை வழியில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

புதுக் கம்பியை மாட்டியதும் இன்னொரு சங்கடம். அது கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னியது. வாரக்கணக்கில் வாசித்த கம்பி என்று எந்த முட்டாளும் நம்ப மாட்டான். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கழுத்து வியர்வையைக் கையால் வழித்துக் கம்பியில் தேய்த்தார். அது போதவில்லை. தலையில் இருந்த எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தார். சன்னல் சட்டத்தில் படிந்திருந்த தூசியையும் விரலில் ஒற்றிக்கொண்டார். நாற்பத்தைந்து வயது ஆள், ஒரு மகள் கல்லூரியில் படிக்கிறாள், கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து கம்பிக்கு அழுக்குப் பூசிக்கொண்டிருந்தார். மனைவி வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். "தாழ்ப்பாள் எதுக்கு?" என்றாள். "சட்டை மாத்தறேன்" என்றார். அந்தப் பொய்யைச் சொன்னபோது உடம்பு கூசியதே தவிர கை நிற்கவில்லை.

அந்த ஞாயிறு மாமனார் கிட்டாரை மடியில் வைத்துத் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். ஓசை அறை முழுக்க நின்றது.

"பாத்தியாம்மா? கைன்னா இது கை" என்றார் மூத்த மகளைப் பார்த்து.

சகலை கிட்டாரை வாங்கி அவனும் ஒரு தரம் தட்டிக் கேட்டான். கண்ணாடிக்காரர் கம்பியைத் தொட்ட அவன் விரலையே பார்த்தார். சகலை தலையை நிமிர்த்திச் சிரித்தான். பொறாமை துளிகூட இல்லாத சிரிப்பு. "என் கைதாண்ணே. நீங்க சொன்னது சரிதான். எனக்கு எப்படி வாசிக்கணும்னு கொஞ்சம் சொல்லித் தாங்களேன்" என்றான்.

மாட்டேன் என்று சொல்ல ஆயிரம் காரணம் கிடைத்திருக்கும். கண்ணாடிக்காரர், "அதுக்கென்ன, தாராளமா" என்றார்.

அன்றிலிருந்து கடை விட்டு வந்ததும் கீழ்வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். மச்சினி அவருக்கென்று நல்ல நாற்காலியை ஒதுக்கிப் போடுவாள். சூடாக டீ வரும். சகலை அந்தக் கிட்டாரோடு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, "இப்படியாண்ணே? இதுக்கும் மெதுவாவா?" என்று கேட்டுக் கேட்டு வாசிப்பான். கட்டை விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார் கண்ணாடிக்காரர். அவன் வைத்துக்கொண்டான். இழுத்து விடுவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். நிறுத்தினான். முதல் நாள் அவருக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. நாலைந்து நாள் போனதும் இறங்கியது. அதற்கப்புறம் பிஸ்கட்டும் இறங்கியது.

சனி ஞாயிறில் அதே கிட்டாரை அவர் ஓட்டலுக்கு எடுத்துப் போனார். மெதுவாக அமுக்கிப் பார்க்காமல் இல்லை. அமுக்கின மாத்திரத்தில் கம்பி கொர்ரென்று இரைந்தது. பயந்துபோய்ப் பழையபடி நெரித்தார். கம்பி மறுபடியும் மங்கியது. சகலை அதைக் கேட்டுவிட்டு முகம் தொங்கிப் போய், "இன்னும் என் கை அடங்கலண்ணே" என்றான். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பழக்கத்துல வரும்" என்றார். அவன் இன்னும் மெதுவாக்கினான்.

ஒரு நாள் மச்சினி மாடிக்கு வந்தாள். அக்காவிடம் பேச வரவில்லை, அவரிடம்தான்.

"அத்தான், அவருக்குச் சாப்பாடே சரியா எறங்க மாட்டேங்குது. டான்ஸ் டீச்சர் வேற ஆள் பாக்கப் போறேன்னு சொல்லிட்டாங்களாம். ஆண்டு விழா வருதே. நீங்க ஒரு எட்டு வந்து என்ன குறைன்னு பாத்துச் சொல்லக் கூடாதா? உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கோம்."

போகாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் சகலையின் வேனிலேயே போனார். நடனப் பள்ளி ஒரு நீளமான கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, பலகைத் தரை, மூலையில் வரிசையாகச் செருப்புகள். கண்ணாடிக்காரர் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒத்திகை தொடங்கியது. சகலை கட்டை விரலை மடக்கிக்கொண்டு இரண்டு விரல் நுனியால் கம்பியைத் தொட்டான். பிள்ளைகள் காலெடுத்து வைத்தார்கள்; பாதிப் பேர் முந்தினார்கள், பாதிப் பேர் பிந்தினார்கள். டீச்சர் கை தட்டி நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் நிறுத்தினார்.

"எனக்குத் தாளம் தரையில வரணும். முந்தியெல்லாம் வந்துச்சு. என்னாச்சு உங்களுக்கு?"

"முந்தி நான் வாசிச்ச முறை தப்பு டீச்சர்" என்றான் சகலை. "இவர்தான் எங்க அண்ணன். இவர்கிட்டதான் இப்ப ஒழுங்கா கத்துக்கிட்டிருக்கேன்."

பிள்ளைகள் எல்லோரும் திரும்பிக் கண்ணாடிக்காரரை மரியாதையாகப் பார்த்தார்கள். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அவருக்கு அவரே தெரிந்தார். பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அப்படின்னா விழாவுக்கு நீங்களே வந்து வாசிச்சுக் குடுங்களேன் சார்" என்றார் டீச்சர்.

அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

திரும்பி வரும்போது வேனுக்குள் ரொட்டி வாசனை இருந்தது. சகலை சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஒத்துக்கங்கண்ணே" என்றான். "இடம் எவன்கிட்டயோ போறதுக்கு நம்ம வீட்லயே இருக்கட்டும். அந்தப் பசங்க நல்ல பசங்க. நான் கிட்டாரைத் தொடறதையே நிறுத்திடலாம்னு இருக்கேன். நல்ல கையையும் பொழுதுபோக்குக் கையையும் ஒரே கிட்டார்ல வைக்கக் கூடாது." அவன் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. கணக்குத் தீர்த்துவிட்டவன் மாதிரி நிதானமாகச் சொன்னான். கண்ணாடிக்காரருக்கு வேனிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. தன்னைப் போல ஒரு கேவலமான ஆள் இந்த ஊரில் இருக்க முடியாது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதே மாடி, அதே ஆட்கள். மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் தட்டில் கையே வைக்கவில்லை.

"மாமா, ஒரு விஷயம். கம்பியைக் கெடுத்தது சகலை இல்ல. நான்தான். என் இடது கை அமுக்கற அமுக்குல கம்பி நசுங்கிப் போகுது."

மாமனார் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கண் கலங்க மற்றவர்களைப் பார்த்தார். "பெரிய மனசுன்னா இதுதாம்மா. சின்னவருக்கு எடம் போகுதுன்னு தெரிஞ்சதும் பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு பாரு."

"அதெல்லாம் வேணாம் அத்தான்" என்றாள் மச்சினி. மனைவி பெருமையோடு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். சகலை, "விடுங்கண்ணே, எனக்கு வருத்தம் இல்ல" என்றான்.

கண்ணாடிக்காரருக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னால் நம்பாத அளவுக்கு அவரை நல்லவராக வைத்திருந்தார்கள். இனி சும்மா இருந்தால் போதும், நல்லவராகவே காலம் தள்ளிவிடலாம். அந்த ஆசை அப்போதும் வந்தது, வந்ததும் அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"இல்ல மாமா, கேளுங்க. நீங்க தட்டிப் பாத்தீங்களே, அது அந்த வாரம்தான் வாங்கின கம்பி. பழசு செத்துப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன். புதுசு மின்னுச்சு. அதனால கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, கழுத்து வேர்வையையும் தலை எண்ணெயையும் எடுத்து அதுல தேச்சேன். சன்னல் தூசியைக்கூட எடுத்துப் பூசினேன். பழசு மாதிரி தெரியணும்னு."

மாமனார் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "சட்டை மாத்தறேன்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி, கரண்டியைக் கையில் பிடித்தபடி. அவளுக்கு முகமெல்லாம் சிவந்து போயிற்று. தங்கையின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மச்சினி பார்வையைத் தன் தட்டுக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

சகலை சாப்பிடுகிற கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான். கோபப்படுவான், எழுந்து போய்விடுவான், நாலு வார்த்தை கேட்பான் என்று அவர் காத்திருந்தார். கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"கம்பி மாத்தினது சரிண்ணே. பயத்துல செஞ்சுட்டீங்க. புரியுது" என்றான் அவன். "அப்புறம் தினம் கீழ வந்து உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்தீங்களே. அது எதுக்கு?"

அதற்கு என்ன பதில் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே தெரியும். வேறு ஏதாவது சொல்லித் தப்பிக்க முடியுமா என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றித் தேடிவிட்டு வந்தது.

"நீ 'இப்படியாண்ணே'ன்னு கேப்பே இல்ல," என்றார். "அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

சகலை தலையை ஆட்டினான். தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். அவனுடைய கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தது. அது அவனுக்கே தெரிந்த மாதிரி இல்லை.